திரும்பு என்று சொன்னார்கள்

ஒரகடம் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் என் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்ட பிறகு, எல்லோருமே என்னைத் திரும்பச் சொன்னார்கள்.

"மனந்திரும்புமா. காரணமில்லாம கர்த்தர் தண்டிக்க மாட்டாரு" என்றார் எங்கள் சபை பாஸ்டர். "எப்பமா லைனுக்குத் திரும்புவ? ஆளே இல்லாம கீது" என்றார் சூப்பர்வைசர். என் பாவம்தான் என்று நானும் நம்பினேன். அழுது ஜெபித்தேன். ஆனாலும் வேலைக்குப் போனால் மிஷின் சத்தம் கேட்டதுமே கேன்டீனுக்கு ஓடிவிடுவேன்.

அப்போது புது மிஷின் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஒரு யூதப் பெண்மணி வந்திருந்தார். கேன்டீனில் என் கையைப் பார்த்து விசாரித்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்டர் 'மனந்திரும்பு' என்றதைச் சொன்னதும் முகம் சுளித்தார். "எங்கள் எபிரேய வேதத்தில் அதற்கான சொல்லுக்குத் திரும்பி வருவது என்றுதான் பொருள். முதலில் நீ உன்னிடம் திரும்பி வா" என்றார்.

என்னிடமா? விபத்துக்கு முன்னால் நான் யார்? கை உள்ளே போனால் மிஷினை நிறுத்த வேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை என்று இதே சூப்பர்வைசரிடம் சண்டை போட்டவள். "டார்கெட் முடியட்டும், அப்பால பாக்கலாம்" என்று அவர் சொன்னதை எப்படி மறந்தேன்? பயம் போகவில்லை, கூடவே கோபமும் வந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடமே போய், "சார், நான் திரும்பி வந்துட்டேன். அந்த சென்சார சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மிஷினில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். மனந்திரும்ப வேண்டியவர்கள் இன்னும் திரும்பவில்லை.