கொட்டாஞ்சேனை கஜேந்திரன்

துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் மெல்ரோயை ஆபீசுக்கு வெளியே யாரும் மெல்ரோய் என்று கூப்பிடுவதில்லை. கொட்டாஞ்சேனை கஜேந்திரன் என்றால்தான் தெரியும். பாடகர் கஜேந்திரன் தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிற்றாரோடு பாடிய பாட்டுகளை அதே குரலில், அதே இடத்தில் மூச்செடுத்துப் பாடுவான். முப்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் கல்யாண வீடு, பிறந்தநாள் பார்ட்டி என்று அலைச்சல். அவரைப்போலவே கழுத்துவரை தலைமயிர் வளர்த்திருந்தான். ஐம்பத்திரண்டு வயதில் அது முன்னால் கொட்டி, பின்னால் மட்டும் மிஞ்சியிருந்தது.

கஜேந்திரன் இறந்து மூன்று வருடத்துக்குப் பிறகு அவருடைய வாழ்க்கை வரலாறு புத்தகமாக வந்தது. மெல்ரோய் வெள்ளவத்தைக்குப் போய் வாங்கி, திரும்பும் பஸ்ஸிலேயே வாசிக்கத் தொடங்கினான். பாதிவரை சந்தோஷமாகத்தான் போனது.

'கரையில் நில்லாதே' அவருடைய பாட்டுகளில் எல்லாருக்கும் தெரிந்தது. கப்பலேறும் ஒருவன் மனைவியிடம், எனக்காகக் காத்திருக்காதே, அழாதே என்கிறான். கப்பலில் வேலைசெய்த தகப்பனை நினைத்து எழுதியதாகப் பேட்டிகளில் சொல்லியிருந்தார். மெல்ரோயும் மேடையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பாடுவான். புத்தகம் வேறொன்று சொன்னது. முதல் மனைவி இமெல்டா களுபோவில ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் படுத்திருந்த கிழமை, அவர் இன்னொருத்தியோடு வெளிநாடு போய்விட்டார். போகுமுன் எழுதிய பாட்டு அது. பிறந்த மகளைப் பார்க்க ஒருநாளும் வரவில்லை.

மெல்ரோய் அந்தப் பக்கத்தை மனைவி றோஸியிடம் நீட்டினான். அவள் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"விட்டுட்டுப் போறவன் அழாத எண்டு சொல்லுறான். எனக்கு அந்தப் பாட்டக் கேட்டா எப்பவும் பத்திக்கொண்டுதான் வரும்."

"ஏன் ஒருநாளும் சொல்லயில்ல?"

"சொன்னன். கலைஞன் எண்டா அப்பிடித்தான் எண்டு சொல்லிட்டீங்க."

அதன்பிறகு அவனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஆபீசில் கன்டெய்னர் நம்பரை மாற்றி எழுதினான். பின்னேரங்களில் ஜம்பட்டா வீதியில் காரணமில்லாமல் மேலும் கீழும் நடந்தான்.

அந்தச் சனிக்கிழமைக் கல்யாணத்தில் அந்தப் பாட்டைப் பாடுவதில்லை என்றுதான் போனான். பெண்ணின் தகப்பன் மேடைக்கே வந்து கேட்டார். தட்ட முடியவில்லை. வழக்கமாகச் சொல்லும் கப்பல்காரத் தகப்பனின் கதையைச் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். குரல் தடுமாறியது, அந்தத் தடுமாற்றமே பாட்டைத் தூக்கிவிட்டது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

"மச்சான், இண்டைக்கு மாதிரி நீ ஒருநாளும் பாடயில்ல" என்றான் கீபோர்ட் வாசிக்கும் சயந்தன்.

மெல்ரோய்க்குப் பயமாக இருந்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் பாட்டு ஏன் இப்படி வருகிறது?

மறுநாள் சேர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் றோஸியிடம்கூடச் சொல்லாமல் ஹெந்தளைக்குப் பஸ் ஏறினான். இமெல்டா அங்கே இருப்பதாகப் புத்தகத்தில் இருந்தது. ஒரு கடையில் சிங்களத்தில் விசாரித்தபோது வீட்டைக் காட்டினார்கள். கையில் பையோடு அவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். எழுபதை நெருங்கிய, மெலிந்த பெண். அவன் தலையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நீங்களும் புத்தகம் வாசிச்சிட்டா வந்தனீங்க?"

"ஓம் ஆன்ட்டி. நான் அவர்ட பாட்டுகள் பாடுறனான். கரையில் நில்லாதேயும்..." தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினான். "இனி அதப் பாடலாமா எண்டு உங்களிட்டக் கேக்க வந்தனான்."

"என்னட்ட ஏன் கேக்கிறீங்க?"

"உங்களுக்குச் செய்த அநியாயம்தானே..."

"அது எனக்கும் அந்தாளுக்கும் இடையில நடந்தது, மகன். என்ர மகள நான் வளர்த்து ஆளாக்கிட்டன். பாடுங்க எண்டு நான் சொன்னா நீங்க நிம்மதியாப் போயிருவீங்க. பாடாதீங்க எண்டாலும் நல்ல மனுசன் எண்ட நினைப்போட போவீங்க. ரெண்டையும் நான் சொல்ல மாட்டன். விடுங்க, சந்தையில மீன் முடிஞ்சிரும்."

அவனைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். றோஸி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த மனுசிய ஏன் போய்க் கரைச்சல் படுத்தினீங்க?"



அடுத்த சனிக்கிழமை வத்தளையில் ஒரு ஹோலில் பார்ட்டி. மற்றப் பாட்டுகளையெல்லாம் பாடினான். அந்தப் பாட்டைப் பாடச்சொல்லிக் கேட்டபோது மைக்கைச் சயந்தனிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். சயந்தன் சுருதி விலகித்தான் பாடினான். யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. ஹோல் முழுக்கச் சேர்ந்து பாடியது.

மெல்ரோய் வெளியே வந்து கேற்றடியில் நின்றான். அங்கேயும் கேட்டது. ரோட்டைக் கடந்து, வாகன இரைச்சலில் ஒன்றும் கேட்காத தூரம்வரை நடந்தான். கொஞ்ச நேரம் நின்றான். இரண்டாம் சரணம் வந்திருக்கும், சயந்தன் அந்த உச்சத்தை எப்படிப் பிடிக்கிறானோ என்ற யோசனை வந்தது. தன்மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டு, பாதித் தூரம் திரும்பி வந்தான்.