ஹால்கெய்ர் பெருக்கிய கோடு

ஹால்கெய்ருக்கு எதிலும் குழப்பம்தான். வாஃபிள் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியா, ஸ்ட்ராபெர்ரி ஜாமா என்று கேட்டால் போதும், அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். அந்த வாஃபிள் கடைக்காரி சோல்பியர்க்கிடம் கல்யாணப் பேச்சை எடுக்க ஆறு வருஷம் தயங்கினான். கடைசியில் அவளே கேட்டாள். அதற்கும் "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். மீன் இறக்கும் துறையில் அவனும் நானும் ஒரே ஷிஃப்ட். பெட்டி தூக்கும் வண்டியை இடப்பக்கம் திருப்புவதா வலப்பக்கமா என்று அவன் முடிவு செய்வதற்குள் நான் ஒரு காபி குடித்து முடித்திருப்பேன்.

கையில் பனி மண்வெட்டி வந்துவிட்டால் ஆளே வேறு. எங்கள் ஸ்கார்வோய் தீவின் கால்பந்து அணி நாட்டின் உச்சப் பிரிவுக்கு ஏறிய வருஷத்திலிருந்து, மைதானத்துப் பனியை ஊர்க்காரர்களே கூடி, சம்பளம் வாங்காமல் அள்ளுகிறோம். அதற்குத் தலைவன் ஹால்கெய்ர். யாருக்கு எந்த மூலை, காற்று எந்தப் பக்கம், குவியல் எங்கே என்று மடமடவென்று சொல்வான். பதினோரு வருஷத்தில் பனியால் ஓர் ஆட்டம்கூட எங்கள் ஊரில் நின்றதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவனுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அந்தப் பதினோராவது வருஷத்து ஆட்டங்கள் யாருக்கும் புரியவில்லை. ஏப்ரலில் முழங்காலளவு பனியை அள்ளிவிட்டு ஆடி, நடப்புச் சாம்பியனையே தோற்கடித்தோம். சூரியன் மறையாத ஜூனில் வரிசையாக ஐந்து தோல்வி. ஆகஸ்டில் பயிற்சியாளரை வேலையிலிருந்து அனுப்பினோம். புதியவர் வந்து எல்லாரையும் இடம் மாற்றி நிறுத்தினார், இன்னும் மோசமாகத் தோற்றோம். அவரே களைத்துப்போய்ப் பழையபடி நிறுத்தியதும் ஜெயிக்க ஆரம்பித்தோம். நவம்பரில் சொந்த ஊரில் கடைசி ஆட்டம். சமன் செய்தால் தப்பிப்போம், தோற்றால் கீழ்ப் பிரிவு.

எழுபத்தைந்தாவது நிமிஷம், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கி நிற்கிறோம். கடலிலிருந்து பனி வந்து கொட்டியது. கோடுகள் ஒன்றும் தெரியவில்லை. நடுவர் தெற்கிலிருந்து வந்த ஓர் இளம்பெண். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

"இருபது நிமிஷத்துல கோடு தெரியணும். இல்லன்னா இன்னிக்கு ஆட்டம் கிடையாது. முடியுமா?" என்று ஹால்கெய்ரைக் கேட்டார்.

அவன் வாய் திறக்குமுன் எங்கள் அணியின் தலைவர் ஓஸ்முன் அவன் கையைப் பிடித்து இழுத்தார். "முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லுடா! ஆட்டம் நின்னா மறுபடி முதல்லேருந்து ஆடலாம்."

"முதல்லேருந்தா? மிச்சம் பதினஞ்சு நிமிஷம் மட்டும்தான்னு சொல்றாங்களே," என்றேன் நான். இப்போது இருக்கிற கணக்கே முடிவாகிவிடும் என்றார் பக்கத்தில் ஒருவர். நாட்டின் கால்பந்துச் சங்கத்துக்குப் போன் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

"மெதுவா, ஹால்கெய்ர், மெதுவா!" என்று ஊரே கத்தியது. அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். மண்வெட்டி கையில் இருந்தும் அவன் குழம்பி நின்றதை அன்றுதான் பார்த்தேன். பாவமாக இருந்தது.

எதிரணிக்காக விமானம் ஏறி வந்திருந்த நாற்பது பேர் வேலி தாண்டிக் குதித்தார்கள். ஜெயிக்கிற ஆட்டத்தை விடுவார்களா? கையாலும் அட்டைப்பெட்டியாலும் பனியைத் தள்ள ஆரம்பித்தார்கள். தள்ளிய பனி காற்றில் திரும்பி அவர்கள் முகத்திலேயே அப்பியது. ஹால்கெய்ர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தான். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"யோவ், காத்துக்கு எதிரா யாராவது தள்ளுவானா? அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!"

திருத்தப் போனவன் அள்ளத் தொடங்கிவிட்டான். பழக்கதோஷம், நாங்களும் பின்னால் போய்விட்டோம். பதினேழு நிமிஷத்தில் கோடுகள் தெரிந்தன. கோல் கோட்டை மட்டும் அவன் யாரிடமும் விடவில்லை. துடைப்பம் எடுத்துத் தானே பெருக்கினான்.

கடைசி நிமிஷத்தில் எங்கள் பையன் ஒருவன் தலையால் முட்டிய பந்து கம்பத்தில் பட்டு, கோட்டின் மேல் விழுந்து உருண்டது. எதிரணி கோல்கீப்பர் பாய்ந்து அமுக்கினார். ஊரே "கோல்!" என்று எழுந்தது. கம்பத்துக்கு இரண்டு மீட்டர் பின்னால் ஹால்கெய்ரும் நானும் நின்றோம். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல்; தாண்டாததைக் கண்ணால் பார்த்திருந்தும் நான் கையைத் தூக்கிக் கத்தினேன். அவன் கையைத் தூக்கவில்லை. வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கமெல்லாம் அப்போது வரவில்லை. நடுவர் ஓடி வந்து குனிந்து பார்த்தார். பச்சைத் தரையில் பளிச்சென்று வெள்ளைக் கோடு, அதன் மேல் பந்து. கோல் இல்லை என்று கையை விரித்தார். அத்தோடு கீழ்ப் பிரிவுக்குப் போனோம்.

"உன் பெருமையை நீயே கட்டிக்கிட்டு அழு," என்று சொல்லிவிட்டு ஓஸ்முன் போனார். எனக்கும் அவன்மேல் கோபம்தான். பொய் சொல்வானேன், இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அன்று ஆட்டம் முடிந்து நாங்கள் போனபோது சோல்பியர்க் தன் வாஃபிள் கடையை மூடியிருக்கவில்லை. "பாலாடைக்கட்டியா, ஜாமா?" என்று எப்போதும்போலக் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான்.

"நான் அள்ளியிருக்கக் கூடாதோ?"

"தெரியலடா."

"பந்து தாண்டிச்சா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வரவில்லை. "தாண்டல."

"தாண்டல," என்றான் அவனும். கையோடு கொண்டுவந்திருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். "ஒரு தடவை பெருக்கினதே போதும்னுதான் இருந்துச்சு. கோல் கோட்டு ஓரத்துல கொஞ்சம் பனி ஒட்டியிருந்தது. திரும்பப் போய் இன்னொரு தடவை பெருக்கினேன்."