முன்சீட்டில் ஒரு டிரம்

என் அண்ணி பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறார். சனி, ஞாயிறுகளில் ஒரு பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறார். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், "ரெண்டுமில்ல, டிரம்ஸைக் கார்ல ஏத்துறதுதான்" என்பார்.

கார் என் அண்ணனுடையது. அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போய்வர பழைய கார் ஒன்றை வாங்கினான். நாலு பேர் தாராளமாக உட்காரலாம் என்று விற்றவர் சொன்னார். நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விடக்கூடாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அதற்குள் ஒரு முழு டிரம்ஸ் செட்டை ஏற்றுவதென்றால் யானையைக் கூடைக்குள் உட்கார வைக்கிற வேலை. அண்ணி அதை ஒற்றை ஆளாகச் செய்வார். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்தான் முதலில். பின்கதவு வழியாக, முகம் கீழே பார்க்கிற மாதிரி சாய்த்து, உள்ளே போனதும் கால் சுற்று திருப்பி, பின்சீட்டில் கிடத்த வேண்டும். முதல் கோணல் முற்றும் கோணல் என்று சொன்னவர் நிச்சயம் டிரம்ஸ் ஏற்றியிருப்பார். அது கொஞ்சம் கோணினாலும் சின்ன டிரம்கள் இரண்டும் அதன் பக்கத்தில் உட்காராது. ஸ்டாண்டுகளும் ஸ்டூலும் பின்னால் டிக்கியில். பித்தளைத் தட்டுகள் பழைய போர்வைக்குள். கடைசியாக, தரையில் மூன்று காலில் நிற்கிற கனத்த டிரம். எங்கள் வீட்டில் அதற்கு மூணுகாலன் என்று பெயர். அவனுக்கு, ஓட்டுகிற அண்ணிக்குப் பக்கத்து முன்சீட்டு. பெல்ட் போடாவிட்டால் கார் கத்துமாம், அதனால் அவனுக்குப் பெல்ட்டும் உண்டு. மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியில் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்று அண்ணி ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான்.

மூணுகாலன் உட்கார்ந்த இடம் அண்ணன் உட்கார வேண்டிய இடம். ஆனால் அவன் வருவதில்லை. "நீ வாசிக்கறப்போ அவன் ஒரு நாளாவது வரலாமே" என்று யாராவது அண்ணியிடம் சொன்னால், அவன் முந்திக்கொண்டு, "கார்ல எடம் ஏது?" என்பான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். வர மனமில்லாத என் அண்ணனுக்குக் கார் சின்னது.

உண்மைக் காரணம் வேறு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை போனான். பின்வரிசையில் ஒருத்தன், "வீட்டுல பாத்திரத்தப் போட்டு அடிக்கிறது பத்தலைன்னு இங்க வந்து அடிக்குது பாரு" என்று சிரிக்க, அண்ணன் எழுந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். பாட்டு பாதியில் நின்றது. விளக்கெல்லாம் போட்டு இருவரையும் விலக்கினார்கள். மேடையில் அண்ணி குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே போகவில்லை. நான் போனால் வம்பு என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான்.

அண்ணிக்கு அதில் கோபமில்லை, குறை மட்டும் உண்டு. ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு உங்கண்ணன் சண்டை போட்டாரே தவிர பாட்டக் கேக்கல குட்டி. இத்தன வருஷத்துல நான் மேடையில வாசிச்சு அவர் ஒரு பாட்டு முழுசா கேட்டதில்ல."

போன மாதம் குழுவின் பாடகர் வீட்டுக்கு வந்து ஒரு செய்தி சொன்னார். நகரமன்ற அரங்கில் நிகழ்ச்சி. கல்யாண வரவேற்பு மாதிரி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கிற கூட்டமில்லை, டிக்கெட் வாங்கிக் கேட்க வருகிற கூட்டம். நடுவில் அண்ணி மட்டும் தனியாக வாசிக்க வேண்டும்.

அன்றிலிருந்து பின்னறையில் டிரம்கள்மேல் துணி போர்த்தி, அண்ணி தினமும் பழகினார். தானே கட்டிய தாளம் அது. சின்ன டிரம்களில் தட்டித் தட்டி ஓடிவந்து, சட்டென்று நின்று, மூணுகாலனில் மூன்று அடி. இடைவெளி விட்டு, தொம்... தொம்... தொம். வயிற்றில் இறங்கும். பக்கத்து அறையில் அண்ணன் ஏதாவது மோட்டாரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்கிறானா இல்லையா என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அந்த முகம் எப்போதும் மூடிய லிஃப்ட் கதவு.

"இந்தத் தடவை அவர் வரணும்" என்றார் அண்ணி. "எடம் இல்லன்னுதானே சொல்றாரு? எடம் பண்ணிட்டா?"

ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் அளவு டேப்பும் கையுமாகக் காருக்குள்ளேயே கிடந்தார். அட்டையில் வட்டம் வட்டமாக வெட்டி சீட்டுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். கடைசியில் வழி பிடிபட்டது. மிதி டிரம்மின் முன்பக்கத் தோலைக் கழற்றிவிட்டால் சின்ன டிரம்கள் இரண்டும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். மூணுகாலனின் கால்களை உருவி, முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் இறக்கிவிடலாம். முன்சீட்டு காலி!

"குட்டி, வந்து உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். பெல்ட் போட்டேன். காலை ஆட்டிக் காட்டினேன். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

நிகழ்ச்சி அன்று மதியம் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அண்ணி முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டார். அவன் வெளியே வந்து காலி சீட்டைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். ஒரு சாக்கும் மிச்சமில்லை. ஏறினான்.

ஏறினான் என்பது பேச்சுக்குத்தான். பாதிதான் ஏறினான். அவன் நெட்டை, நான் குட்டை. கண்ணாடியில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற அண்ணி, என்னை உட்கார வைத்து அளந்துவிட்டு அண்ணனின் காலை மறந்துவிட்டார். முழங்கால் இரண்டும் மோவாயை முட்டின. கதவு சாத்தவில்லை. சீட்டைப் பின்னால் தள்ளலாமென்றால் அங்கே மூணுகாலன்.

"பாத்தியா, எடம் இல்ல" என்று அண்ணன் இறங்கப் போனான். அவன் குரலில் நிம்மதி இருந்ததா வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எரிச்சலாக வந்தது.

அண்ணி பின்கதவைத் திறந்து மூணுகாலனை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். "உள்ள வச்சிடு குட்டி."

"அண்ணி! இது இல்லாம எப்படி? நீங்க தனியா வாசிக்கிறதே இதுலதானே?"

"நீ வச்சிட்டு வா."

அத்தனை அகலமானது மடியிலும் உட்காராது, வேறெங்கும் நுழையாது. அதைத் தனியாகக் கொண்டுபோக டாக்ஸிக்குப் போன் செய்தேன். வர முக்கால் மணி நேரமாகும் என்றான். அதற்குள் மேடையில் மைக் எல்லாம் சரிபார்த்து முடித்துவிடுவார்கள். என்னை அழைத்துப்போக வந்த தோழியின் ஸ்கூட்டரில் என் கைப்பைக்கே இடமில்லை. அண்ணன், "வேணாம், நீ போ, நான் வரல" என்றான்.

"ஏறுங்க" என்றார் அண்ணி. அப்படி ஒரு குரலில் அவர் அண்ணனிடம் பேசி நான் கேட்டதில்லை. அவன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்து, மடியில் பித்தளைத் தட்டு மூட்டையை வாங்கிக்கொண்டான்.

அரங்கில் எள் போட்டால் எள் விழாது. அண்ணன் ஓரத்தில், மர நாற்காலியில். நானும் தோழியும் அவனுக்குப் பின்வரிசையில். பாதி நிகழ்ச்சி முடிந்ததும் மற்றவர்கள் இறங்க, அண்ணி மட்டும் மேடையில். எங்கள் வரிசையில் ஒருவர், "பொம்பளையா? தனியாவா?" என்று உரக்கவே சொன்னார். அண்ணனின் முதுகையே பார்த்தேன். அது அசையவில்லை. அவனுக்கு அது காதிலேயே விழவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அண்ணி ஆரம்பித்தார். மெதுவாக, பிறகு வேகமாக, குச்சிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். அப்படியே ஓடிவந்து சட்டென்று நிறுத்தினார். மூணுகாலன் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் தரை. வேறு எதிலாவது அடித்து ஒப்பேற்றியிருக்கலாம். அண்ணி ஒப்பேற்றுகிற ஆள் இல்லை. குச்சியைக் காற்றில் நிறுத்தி, அந்த மூன்று அடிகளுக்கும் உரிய நேரத்தை அப்படியே காலியாக விட்டார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எனக்கு மட்டும் அழுகை முட்டியது.

மறுபடி ஓடிவந்து இரண்டாவது தடவை நிறுத்தினார். குச்சி மேலே நின்றது. அப்போது எனக்கு முன்னாலிருந்து ஒரு சத்தம். தொம். அண்ணனின் உள்ளங்கை நாற்காலிக் கையில் விழுந்திருந்தது. தொம். சுற்றிலும் எல்லாரும் திரும்பினார்கள். தொம். நேரம் ஒரு துளி முந்தவில்லை, பிந்தவில்லை. மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த மனிதன் அத்தனை நாளும் ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். மேடை வெளிச்சத்தில் அவருக்கு இருட்டிலிருந்த முகம் தெரிந்திருக்காது. ஆனாலும் மூன்றாவது தடவை ஓடிவந்து நின்றபோது குச்சிகளை மடியில் இறக்கிவிட்டு, இருட்டைப் பார்த்துக் காத்திருந்தார். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டான். முன்நாற்காலியின் முதுகில் இரண்டு கையாலும் ஓங்கி மூன்று அடி. அரங்கம் கைதட்டிக் கூரையைப் பெயர்த்தது. "பொம்பளையா" என்று கேட்டவரும்தான்.

முடிந்தபின் அரங்கின் பின்வாசலில் காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அண்ணன் உதவுகிறேன் என்று ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்த மூணுகாலன் இல்லாம நீ நிறுத்தினதும் எனக்கு நெஞ்சே நின்னு போச்சு" என்றான்.

"அதான் நீங்க அடிச்சீங்களே."

"கை தானா போயிடுச்சு." ஸ்டாண்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். "இனிமே என் எடத்துல அதையே வச்சு ஏத்து."

அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. "அப்ப நீங்க வர மாட்டீங்களா?"

"நான் எப்படியாவது வந்து சேர்றேன்."

"எப்படியாவதுன்னா?"

"நடந்தாவது."

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணி அழுதுவிட்டார். அண்ணன் ஸ்டாண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பாதிச் சாமான் இன்னும் வெளியேதான் கிடந்தது.