ஊறல் போத்தலும் கோணல் தையலும்

வீட்டில் தூக்கிப் போடுகிற சாமானிலிருந்து வீட்டுக்கு ஆகிற சாமான் செய்து விற்பது என் தொழில். இதில் குப்பையோடு மல்லுக்கட்டுவது சுலபம், மனிதர்களோடுதான் முடியவில்லை.

ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கிறேன். பழத்தோலை ஊறவைத்துத் தரை துடைக்கும் தண்ணீர், பழைய சட்டையில் மிதியடி, கிழிந்த திரைச்சீலையில் சமையலுக்குக் கட்டும் ஏப்ரன் என்று நானும் பக்கத்து வீட்டு மகேஸ்வரியும் சேர்ந்து செய்வோம். சனிக்கிழமை சாயங்காலம் பிரிஞ்சாங் பசார் மாலத்தில், அந்த இரவுச் சந்தையில், மேசை போட்டு விற்போம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் பெண்களுக்கு நான் இதையெல்லாம் சொல்லியும் கொடுக்கிறேன். நீங்களும் கையால் எதையாவது செய்து நாலு பேரிடம் விற்கிறவராக இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள்.

போத்தல் வெடித்த நாள்

அன்னாசித் தோல், சீனி, தண்ணீர். மூன்றையும் போத்தலில் போட்டு மூன்று மாதம் ஊறவிட்டால் தரை துடைக்க அருமையான தண்ணீர் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: ஆரம்பத்தில் தினமும் மூடியைத் திறந்து உள்ளே சேர்கிற காற்றை வெளியே விட வேண்டும். கொழுந்து எடுக்கும் லெட்சுமி அக்காவுக்கு இதை வகுப்பில் சொன்னேன், கோயிலில் பார்த்தபோது சொன்னேன், தண்ணீர்க் குழாயடியில் பார்த்தபோதும் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டிவிட்டு, வீட்டில் ஒரு போத்தல் ஊறப் போட்டார்.

அவர் மகளைப் பெண் பார்க்கத் தாப்பாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். போத்தல் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அக்கா அதை சோபாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். வாடை வந்துவிடக் கூடாது என்று மூடியை வேறு இறுக்கித் திருகியிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா தேநீரை வாயருகே கொண்டு போன நேரம் பார்த்து அது வெடித்தது. அடுப்படியில் காஸ் தோம்புதான் வெடித்துவிட்டது என்று மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கு ஓடினார். அந்த அம்மாவின் பட்டுப்புடவை முழுக்க அன்னாசித் தோல். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்திருக்கிறார். அதைப் பார்த்து உள்ளேயிருந்து பெண்ணும் சிரித்துவிட்டாள். அப்புறம் என்ன, அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள். கல்யாணம் முடிவானதே என்று நான் வாழ்த்தப் போனால், அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "தெனமும் தொறன்னு சொன்ன, சரி. பொண்ணு பாக்க ஆளு வர்ற அன்னிக்கும் தொறக்கணும்னு நீ தனியா சொல்லியிருக்கணும்லா?"

விரல் என்னுடையது

கோலாலம்பூரிலிருந்து மலை பார்க்க வந்த ஒரு அம்மா எங்கள் மேசை முன்னால் நின்றார். கையில் நல்ல விலை உயர்ந்த கைப்பேசி. "இந்த மிதியடி எப்படிம்மா பின்றீங்க? கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன், ஆசையா இருக்கு" என்றார். ஆசையாகக் கேட்கிறாரே என்று சட்டையைப் பட்டை பட்டையாக வெட்டுவதிலிருந்து கடைசி முடிச்சுவரை செய்து காட்டினேன். மற்ற வாடிக்கையாளர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு எதிர்ச் சாரியில் அவித்த சோளம் வாங்கப் போய்விட்டார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம், நான் வீட்டிலேயே செஞ்சுக்கறேன்" என்று கிளம்பினார். ஒரு மிதியடிகூட வாங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மகேஸ்வரி என் கைப்பேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். அதே அம்மா. முதலில் அவர் முகம் வந்து, "இது எங்க குடும்பத்து ரகசியம்" என்று சிரித்தது. அதற்கப்புறம் வந்த கைகள் என்னுடையவை. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல், நெளிந்துபோன என் கல்யாண மோதிரம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எனக்குத் தலைக்கு ஏறிய கோபத்தில் எழுத்துகூட அடிக்க வரவில்லை. அதற்குள் மகேஸ்வரியின் குரல் செய்தி வந்து விழுந்தது: "அக்கா, இந்தம்மா கை எவ்ளோ நீட்டா வேல செய்யுது பாருங்க, நீங்களும் இப்படிக் கத்துக்கிட்டா நமக்கு யாவாரம் நல்லா ஓடும்லா!"

மிதிக்கக் கூடாத மிதியடி

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் குமரனின் மனைவி சரளா ஒரு பை நிறையப் பழைய துணி கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் கிழிசல், வெட்டிப் பின்னிக் கொடுங்கள் என்றாள். பின்னிக் கொடுத்தேன். அன்றைக்கு வேலை விட்டு வந்த குமரன் வாசலில் காலைத் துடைக்கப் போனவர், தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லையாம். மிதியடியின் நடுவில் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது அவருடைய காற்பந்துச் சட்டை. தோட்டங்களுக்கு இடையே நடந்த போட்டியில் கடைசி நிமிடத்தில் கோல் போட்டு ஜெயித்தபோது போட்டிருந்த சட்டை.

மிதியடியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். "இத மறுபடி சட்டையா மாத்திக் குடுங்க!" வெட்டின துணியை எப்படித் தம்பி ஒட்ட வைப்பது என்று கேட்டேன். அவர் கத்தவில்லை. என் படியில் உட்கார்ந்து, அந்தப் பட்டைகளை விரலால் தடவித் தடவித் தன் எண்ணைத் தேடினார். ஒன்பதாம் எண்ணின் வால் மட்டும் ஒரு ஓரத்தில் அகப்பட்டது. எனக்கே ஒரு மாதிரியாகப் போய்விட்டது. மிதியடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் சரளா இன்னொரு பையோடு வந்து நின்றாள்: "சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டாருக்கா, நாங்க இன்னும் சேத்துக் காலோடதான் உள்ள வர்றோம். இந்தத் தடவ என் துணியவே வெட்டுங்க, எனக்குக் கோல் போட்ட சரித்திரம் எதுவும் கெடையாது."

இரண்டும் நல்லதுதான்

எங்கள் மலையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம் பூக்கும். வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் பேசினோம். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டியில் படிகிற உப்புக்கு வினிகர், சுவர்ப் பூசணத்துக்கு பிளீச் என்று சொன்னேன். இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷக் காற்று கிளம்பும் என்று வெண்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியும் போட்டேன்.

கடைசி வரிசையில் தேவி உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தைக்காரி. காலையில் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கொழுந்து வெட்டப் போவாள், வந்ததும் சமையல், துணி, குழந்தை. பூசணத்தால் குழந்தைக்கு இழுப்பு வருகிறது என்று யாரோ சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. மறுநாளே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டும் நல்லதுதானே என்று வாளியில் இரண்டையும் ஊற்றிக் கலந்துவிட்டாள்.

அவள் மாமியார் போட்ட கூச்சலில்தான் ஓடினேன். கதவைத் தள்ளியதும் கண்ணைப் பிடுங்குகிற நெடி. தேவி தரையில் மண்டிபோட்டு இருமிக்கொண்டிருந்தாள், மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். மாமியார் அவள் காலைப் பிடித்துத் தூக்கினார். எப்படியோ இரண்டு பேரும் வெளியே மழையில் கொண்டுவந்து போட்டோம். தோட்டத்து வேனில் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகிற வழி முழுக்க அவள் என் கையை விடவில்லை. நான் வளைவுக்கு வளைவு அவளைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

நல்லவேளை, சில நாளில் தேறி வீட்டுக்கு வந்தாள். ஆனால் அதற்குள் 'வசந்தி சொல்லிக்கொடுத்த மருந்துல தேவிக்கு மூச்சு நின்னுபோச்சு' என்று லயம் முழுக்க என் பேர்தான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டம்மா என்னிடம் வாங்கின போத்தல்களைத் திருப்பி அனுப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நானும் காலி நாற்காலிகளும்தான். பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இனி இந்த வேலையே வேண்டாம் என்று கதவைப் பூட்டப் போனேன். அப்போது தேவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் அவள் மாமியார், அவர் பின்னால் லயத்துப் பெண்கள் பாதிப்பேர். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. எல்லாருக்கும் முன்னால் நின்று சொன்னாள்: "அக்கா மேல தப்பு இல்ல, சேக்காதன்னு சொன்னாங்க. சும்மா பயங்காட்டுறாங்கன்னு நான்தான் விட்டுட்டேன், எங்க மாமியார் எது சொன்னாலும் காதுல வாங்காம விட்டுப் பழகிருச்சு!"

நேராகத் தைத்த குற்றம்

தானா ராத்தாவில் சுற்றுலாக்காரர்களுக்குப் பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவர், பழைய திரைச்சீலை ஏப்ரன்கள் கேட்டிருந்தார். நல்ல இடத்தில் கால் வைக்கிறோம் என்று நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து, ஒரு நூல் பிசகாமல் தைத்து, இஸ்திரி போட்டு அனுப்பினேன். கட்டோடு திரும்பி வந்தது. ரொம்ப நேராக இருக்கிறதாம், தொழிற்சாலைச் சாமான் போலத் தெரிகிறதாம், கையால் செய்த மாதிரி இல்லையாம். கையால் செய்ததைக் கையால் செய்தது போல மறுபடி செய்ய வேண்டும்!

வேண்டுமென்றே கோணலாகத் தைத்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக நேர்கோட்டுக்குப் போய்விடுகிறது. எரிச்சலில் துணியை மகேஸ்வரியிடம் தள்ளிவிட்டுச் சமைக்கப் போனேன். அவள் மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துத் தொலைத்திருந்தாள். கண்ணாடி இல்லாமலே, தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டே தைத்தாள். ஒரு பாக்கெட் வயிற்றிலும் இன்னொன்று முழங்காலுக்குப் பக்கத்திலும் வந்து உட்கார்ந்தது. எனக்குக் கொடுக்கவே வெட்கமாக இருந்தது. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணெல்லாம் மலர, என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதாம்மா கைவேலை! மொதல்லயே இந்த ஆள்கிட்ட குடுத்திருக்கலாம்ல, நீங்க எதுக்கு நடுவுல சிரமப்பட்டீங்க?"

சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பதிலேயே என் நேரமெல்லாம் போய்விடுவதால், என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நாரைக்கூட இன்றுவரை கடையில்தான் வாங்குகிறோம்.