கஞ்சக்காவின் காகிதப்பூ

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டக்காரிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கஞ்சக்கா. செடிக்கு லேசில் தண்ணீர் காட்டமாட்டாள். ஏன் என்று கேட்டால் ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். இத்தனைக்கும் வெயில் கொளுத்தும் மாதங்களில் இந்தத் தெருவில் பூத்துக் கிடப்பது அவள் தோட்டம் ஒன்றுதான்: மதில்மேல் காகிதப்பூ, பாதையோரம் நித்தியகல்யாணி, தொட்டிகளில் அடிபருத்த அடினியம்.

"தாகம் எடுத்தாத்தான் சார் இதுங்க பூக்கும். வயிறு ரொம்பினா இலையைப் போட்டுக்கிட்டுத் தூங்கும், நம்ம சங்கத்து ஆளுங்க மாதிரி."

இந்த வாய்க்குக் குடியிருப்போர் சங்கத்தில் நண்பர்கள் கிடையாது. இந்த வருடம் பார்த்துக் காகிதப்பூ பூக்காமல் போனதும் புதிய செயலாளர் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிக்குள்ள பூ வரலேன்னா எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புல்தரை போடப்போறோம். அதுக்குத் தானா தண்ணி விடுற குழாய் போதும், ஆள் வேண்டாம்."

பதினோரு வருட வேலை. கஞ்சக்கா மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சதசதவென்று ஈரம். கொதித்துப்போனாள். காலை நடைக்கு வருகிறவர்களைப் பாட்டிலும் கையுமாக மறித்து, "யாரு வீட்டு எச்சித்தண்ணியை என் செடிக்கு ஊத்துறீங்க?" என்று கேட்டு எல்லோரையும் பகைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு மத்தியானம், குடியிருப்பே உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, குழாயும் கையுமாகப் பிடிபட்டவர் எங்கள் வாட்ச்மேன். அவள் புருஷன்.

"வெயில்ல செடி வாடி உன் வேலை போயிடக் கூடாதேன்னுதான்டி, கோடை ஆரம்பத்துலேர்ந்து..."

"இருபது வருஷமாக் குடும்பம் நடத்துறியே, நான் என்ன வேலை செய்யறேன்னு ஒருநாளாவது பார்த்தியா?"

"பார்த்தேனே. சும்மா நிக்கிறே."

"அதுதான்யா வேலை!"

மாதக் கடைசியில் செயலாளர் வந்தார். பூ ஒன்றுகூட இல்லை; இலையோ மதிலை மறைத்துத் தழைத்திருந்தது. "அட, பச்சைப்பசேல்னு இருக்கே! இப்பத்தான் ஒழுங்கா வேலை பாக்குறே. பூ கிடக்கட்டும், நீ இருந்துக்கோ."

புத்தியுள்ள எவரும் கும்பிட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். வாட்ச்மேனும் கேட்டிலிருந்து கண்ணால் அதைத்தான் கெஞ்சினார். கஞ்சக்காவுக்கு முகம் சிவந்தது.

"இது என் வேலை இல்ல சார், அந்த மனுஷன் பண்ணின கூத்து. மெச்சணும்னா அவரை மெச்சுங்க. எனக்கு இன்னும் ஒரு மாசம் குடுங்க. பூக்கலேன்னா நானே பிடுங்கிப் போட்டுட்டுப் போறேன்."

சொல்லிக்கொண்டே கத்தரியை எடுத்து அவர் மெச்சிய கொழுந்துகளைச் சரசரவென்று வெட்டித் தள்ளினாள். செயலாளர் ஒரு மாதம் கொடுத்தது இரக்கத்தாலா கத்தரிக்குப் பயந்தா என்று சொல்வதற்கில்லை.

அந்த மாதம் எவரும் செடிப்பக்கம் அண்டவில்லை. வேர் அழுகிய இரண்டு அடினியத்தைப் பிடுங்கி வாட்ச்மேனின் நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் நின்றபடியே காவல் காத்தார். இலைகள் துவண்டன, உதிர்ந்தன, பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இருபத்தாறாம் நாள் மதில் முழுக்கச் சிவப்பு.

செயலாளர் பூரித்துப்போனார். "பார்த்தியாம்மா, அன்னிக்கு உன் வீட்டுக்காரர் ஊத்தின தண்ணியோட பலன் இப்பத்தான் தெரியுது!"

கேட்டருகே வாட்ச்மேன் அடக்கமாகச் சிரித்துத் தொலைத்தார்.

அவளுக்கு வேலை நிலைத்தது. அவர்தான் ஒரு வாரம் கடையில் சாப்பிட்டார்.