தவளை வீட்டுச் சம்பந்தி

விலங்கியல் படித்தவரையும் மாட்டு டாக்டரையும் ஊர் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. சினை பிடிக்காத பசு, கால் ஒடிந்த கோழி, குளியலறைக்குள் நுழைந்த சாரைப்பாம்பு என்று எல்லாவற்றுக்கும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். இந்த அவஸ்தை நம் வகையறா ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். திருவண்ணாமலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தும் எனக்கு, இதோடு தவளைக் கல்யாணமும் கூடுதல் பொறுப்பு. அது எப்படி என் தலையில் விழுந்தது என்று சொல்ல, கல்லூரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அறுக்காத கூட்டாளி

எங்கள் காலத்தில் தவளையை நிஜமாகவே அறுத்தோம். இப்போது என் மாணவர்கள் கம்ப்யூட்டர் திரையில் அறுக்கிறார்கள், கை நாறுவதில்லை. எங்களுக்கு மெழுகுத் தட்டு ஒன்றுக்கு இரண்டு பேர். வருகைப் பதிவில் தேவிகா என்ற என் பெயருக்கு அடுத்த பெயர் தரணேந்திரன் என்பதால், அவன் என் கூட்டாளி ஆனான். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். காலங்காலமாக அங்கேயே பயிர் வைக்கும் ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள், எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை கணக்குப் பாடம் கேட்டு, இடம் கிடைக்காமல் விலங்கியலுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

நான் தவளை மேல் கத்தியை வைத்ததும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்ப்பான். நான் இதயம், ஈரல், குடல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துவிட்டுக் கூப்பிட்டால், திரும்பி வந்து அதை அச்சு அசலாகப் படம் வரைவான். எனக்குப் படம் சுட்டுப்போட்டாலும் வராது. என் தவளை பலாப்பழம் மாதிரி இருக்கும். அவன் குனிந்து வரையும்போது பென்சில் நகருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தவளையை யார் பார்த்தார்கள்! அவனை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல இந்த வயதில் எனக்குப் பொறுமையில்லை. ஒருநாள் எங்கள் துறைத்தலைவர் என் தட்டையும் அவன் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா சேத்தாதான்யா ஒரு முழு ஆளு வரும்."

மடியில் விழுந்த யோகம்

தவளைகள் சாக்குப்பையில் வந்து இறங்கும். ஒருநாள் சாக்கின் வாய் அவிழ்ந்து அத்தனையும் வராண்டாவில் குதித்து ஓடின. ஒன்று மட்டும் அலுவலக அறைக்குள் போய், டைப்பிஸ்ட் வசந்தா அக்காவின் மடியில் உட்கார்ந்தது. அக்கா போட்ட சத்தத்தில் பிரின்சிபாலே எழுந்து வந்துவிட்டார். கல்லூரி அட்டெண்டர் மட்டும் பதறவில்லை. கன்னிப் பெண் மடியில் தவளை விழுந்தால் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம் என்று அடித்துச் சொன்னார். வரன் தட்டிக்கொண்டே போன அக்காவுக்கு அந்தத் தை மாதமே கல்யாணம் ஆகிவிட்டது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தமிழ்த்துறை, வணிகவியல் துறை என்று எல்லாப் பெண்களும் எங்கள் லேபுக்கு ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். நானும் நின்றேன். விலங்கியல் படிப்பவளுக்கு இது மூடநம்பிக்கை என்று தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் சாக்குக்குப் பக்கத்தில் தாவணியை விரித்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு தவளையும் நான் இருந்த திசையை விட்டுவிட்டு மற்ற மூன்று திசையிலும் குதித்தது. தரணி சிரித்துக்கொண்டே சொன்னான்: "கத்தி புடிக்கிற கை எதுன்னு அதுங்களுக்குத் தெரியும் தேவிகா."

ரெண்டும் மாப்பிள்ளை

நாங்கள் மூன்றாம் வருஷம் படிக்கும்போது மழை சுத்தமாகப் பொய்த்தது. அடி அண்ணாமலையிலிருந்து காசியம்மா என்ற பெண்மணி கல்லூரிக்கே வந்துவிட்டார். கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருப்பவர், வாய் ஓயாது. அவர்கள் தெருவில் போன வருஷம் மழைக்காகத் தவளைக் கல்யாணம் செய்தார்களாம். ஒரு சொட்டுகூட விழவில்லையாம். "ரெண்டும் ஆம்பளையா இருந்திருக்கும் சார், மழை எப்டி வரும்? இந்த வாட்டி படிச்ச புள்ளைங்கள வுட்டு ஜோடி பாத்துக் குடுங்க" என்றார். துறைத்தலைவர் எங்கள் இருவரையும் அனுப்பினார்.

வெளியே தேடினால் ஒரு தவளை கிடையாது. மறுநாள் வகுப்புக்காக லேபில் வைத்திருந்த சாக்கிலிருந்துதான் மாப்பிள்ளையும் பெண்ணும் கிடைத்தார்கள். ஆணுக்குத் தொண்டையின் இரண்டு பக்கமும் கறுத்த மடிப்பு இருக்கும். பருவம் வந்தால் கட்டைவிரலில் மெத்தை மாதிரி ஒரு தடிப்பும் வரும், பெண்ணை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள. இதை நான் தரணிக்கு விளக்கினேன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. இரண்டு உயிர் நம் தட்டுக்கு வராமல் தப்பித்தது என்ற சந்தோஷத்திலேயே வழியெல்லாம் வந்தான்.

தெருவில் மஞ்சள், குங்குமம், கையகல மாலை, மேளம் எல்லாம் தயார். ஆனால் தவளையைத் தொட ஒருத்தரும் வரவில்லை, தொட்டால் மரு வருமாம். ஆகவே பெண்ணை ஏந்திக்கொண்டு நான் பெண் வீட்டுச் சார்பில் உட்கார்ந்தேன், எதிரில் மாப்பிள்ளையோடு தரணி. மஞ்சள் கயிறு கட்டும்போது மேளக்காரர் கெட்டிமேளமே வாசித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் நிமிர்ந்தேன், அவனும் நிமிர்ந்தான். எங்கள் இரண்டு பேர் தலையிலும் அரிசி விழுந்தது. அந்த ஒரு நிமிஷத்தை இத்தனை வருஷமாக நான் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காசியம்மா கைதட்டிச் சிரித்தார்: "இன்னாடா இது, பார்வை எங்கியோ போவுது! பொண்ணு வூடும் மாப்ள வூடும் இப்ப சம்பந்தி. சம்பந்திங்க ஒருத்தர ஒருத்தர் கட்டிக்கக் கூடாது, பாத்துக்கோங்க!"

மழை வந்த நாள்

அன்றைக்கு மழை வரவில்லை. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்த நாளில் கொட்டித் தீர்த்தது. அன்று பௌர்ணமி வேறு, கிரிவலம் நடக்க வந்த கூட்டமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கியிருந்தது. ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு நாங்களும் ஒதுங்கினோம். அடி அண்ணாமலைக்குப் போய் வந்ததிலிருந்து தரணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "சம்பந்தி, நோட்டு குடுங்க", "சம்பந்தி, சாப்ட்டீங்களா" என்று மரியாதை வேறு. முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. போகப் போக அது எங்களுக்கு நடுவில் வைத்த பெஞ்சு மாதிரி ஆகிவிட்டது, தாண்டவும் முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை.

அன்று ஒரு தடவை தேவிகா என்று கூப்பிடுவான், அதற்குப் பிறகு ஏதாவது சொல்லுவான் என்று டீ ஆறும்வரை காத்திருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான். கீழ்பென்னாத்தூர் பஸ் வந்துவிட்டது. தவளைக்கு இருக்கும் அந்தக் கட்டைவிரல் மெத்தை மனுஷ ஆண்களுக்குக் கிடையாது. கூட்டம் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனது. ஜன்னல் வழியாக நனைந்த தலையை நீட்டிச் சொன்னான்: "மழை வந்துச்சு பாத்தீங்களா சம்பந்தி, நம்ம ஜோடி நல்ல ஜோடிதான்!"

எந்த ஜோடியைச் சொன்னான் என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

சைவமான பெண்

ஒரு வருஷம் கழித்து அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவர்கள் ஆட்களிலேயே பெண். அதற்குப் பிறகு என்னையும் நிறையப் பேர் பெண் பார்த்தார்கள். வரன் தட்டும்போதெல்லாம் அம்மா தவளை சாபம் என்பார். சாபத்துக்குப் பரிகாரமாக வெள்ளியில் தவளை செய்து கோயில் உண்டியலிலும் போட்டாயிற்று.

வேங்கிக்காலில் இருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. தவளை அறுத்த பெண்ணென்றால் மீன், கோழி எல்லாம் சுத்தம் செய்யப் பயப்பட மாட்டாள் என்று அவர் கணக்கு. நான் சைவம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் எல்லோரும் கறி சாப்பிடுகிறவர்கள்தான். நான் மட்டும் அந்தப் பத்திரிகை வந்த வருஷத்தில் விட்டேன். ராத்திரிச் சாப்பாட்டையும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவேன். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பேன். உடம்புக்காக இல்லை. அந்த நேரத்தில் அவனும் எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். அந்த அம்மா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்: "தவளை அறுத்த பொண்ணு சைவமாம்! யார் காதுல பூ சுத்தறீங்க?"

மறுபடியும் காசியம்மா

இந்த வருஷமும் மழை கம்மி. போன வாரம் பள்ளி வாசலில் காசியம்மா நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே. "டீச்சர், ஜோடி வேணும்" என்றார். ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "மாப்ள வூட்டுக்காரரு எங்க? அவரையும் கூட்டியாங்க, ராசியான கை" என்றார்.

அவன் கல்யாணமாகி ஓசூர் பக்கம் இருக்கிறான், முதல் மழைக்கு மட்டும் போன் செய்து "சம்பந்தி, அங்க மழையா?" என்று கேட்பான் என்றேன். காசியம்மா என் கழுத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். எதற்கும் சிரிக்கிற அந்த மனுஷி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, அன்னிக்கு நான் வெளாட்டுக்கு சொன்னேன்மா. தவளைக்கு ஏது சம்பந்தி மொறை? நீங்க ரெண்டு பேரும் கட்டிக்குவீங்கன்னுதான் எங்க தெருவே பேசிக்கிச்சு."

ஆகவே, விலங்கியல் படித்த என் இனமே, ஊரார் எத்தனை ஜோடி கேட்டாலும் தாராளமாகப் பிடித்துக் கொடுங்கள், யார் வீட்டுச் சார்பில் உட்காருகிறோம் என்பதை மட்டும் உட்காருவதற்கு முன்னால் யோசித்துவிடுங்கள்.