சோத்தாங்கையும் எக்ஸிக்யூட் பட்டனும்

விமானத்தில் துணை விமானியின் இருக்கை வலது பக்கம். போக வேண்டிய வழியை விமானத்துக்குச் சொல்லும் கணினியின் விசைப்பலகை அவருக்கு இடது பக்கம், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில். இதை வடிவமைத்த புண்ணியவான் எங்கள் சூரியநெல்லிப் பக்கம் வந்ததே இல்லை என்பது மட்டும் நிச்சயம். எங்கள் வீட்டில் பீச்சாங்கையை நீட்டி எதையாவது வாங்கினாலோ கொடுத்தாலோ அம்மாவின் கரண்டி பேசும். நல்ல காரியம் எதுவானாலும் சோத்தாங்கைதான். அப்படி வளர்ந்த என்னைத்தான் அந்த வலது இருக்கையில் உட்கார வைத்தார்கள்.

தரையை விட்டு எழும்பாத பயிற்சி விமானமான சிமுலேட்டரில் முதல் வாரமே வினை தொடங்கியது. வலது கை கண்ட்ரோல் வீலைக் காவல் காக்க வேண்டும்; இடது கை எழுத்துகளை அமுக்க வேண்டும். நானோ வீலை விட்டுவிட்டு வலது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய், பந்தியில் பக்கத்து இலை அப்பளத்தை எடுப்பவள் மாதிரி அமுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் முழங்கை வீலில் இடித்தது. பக்கத்தில் இருந்த பயிற்சி கேப்டன் திருச்சூர்க்காரர், பொறுமைசாலி. அவருக்கே ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

“மோளே, ரெண்டு கையும் தெய்வம் தந்ததுதானே?” என்றார். “டெஸ்ட்ல அந்தக் கை வீலை விட்டு இங்கே வந்தா, அதோட கழிஞ்சு.”

டெஸ்டில் தோற்றால் கைக்கு எட்டிய வேலையும் போய்விடும். இடையில் கிடைத்த சில நாள் விடுப்பில் ஊருக்கு ஓடி வந்தேன். விசைப்பலகையின் படத்தை நிஜ அளவில் அச்சடித்து அட்டையில் ஒட்டி எடுத்து வந்திருந்தேன்.

பழகுவதற்கு அப்பாவின் ஜீப்பைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை. விடியலில் சுற்றுலாக்காரர்களை மலையுச்சிக்கு ஏற்றிப் போய்வரும் அந்த ஜீப், மதியம் முழுக்க எஸ்டேட் லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் சும்மா நிற்கும். ஓட்டுநர் இருக்கை வலது பக்கம். இடது கை எட்டும் இடத்தில் கியர். கியருக்குப் பக்கத்தில் அட்டையைச் சாய்த்து வைத்தேன். அப்பா கேட்காமலேயே இடது பக்கம் ஏறி உட்கார்ந்து கேப்டன் ஆகிவிட்டார்.

அவருக்கு முறையை விளக்கினேன். நாம் அமுக்கும் எழுத்துகள் முதலில் திரையின் அடி வரியில் வந்து நிற்கும். எந்த வரிக்குப் போக வேண்டுமோ அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டனைத் தட்டினால் அங்கே ஏறிக்கொள்ளும். உடனே எக்ஸிக்யூட் என்ற பட்டனில் விளக்கு எரியும். அதை அமுக்கும் வரைக்கும் விமானம் நம் பேச்சைக் காதிலேயே வாங்காது, பழைய வழியிலேயே போகும்.

“சரி, நம்ம சின்னக்கானல் போடு” என்றார் கேப்டன் அப்பா.

இடது கை விரல்கள் தட்டுத்தடுமாறித் தேடின. “டேட்டாபேஸ்ல இல்லைன்னு வரும்ப்பா.”

“பூப்பாறை?”

“அதுவும் இல்ல.”

“தினம் ஆயிரம் வண்டி வருது, அது தெரியல. என்ன பெரிய கம்ப்யூட்டரு!” அப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அந்த வழியாகப் போன ஒரு சுற்றுலாக்காரர் அட்டையை எட்டிப் பார்த்து இது என்ன என்று கேட்டதற்கு, “புதுசா வந்த ஜிபிஎஸ்ஸு சார், ஆனா நம்ம ஊருக்கு ஆகாது” என்று சொல்லி அனுப்பினார்.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு பார்வை என் கைக்கு வந்தது.

“ஏட்டி, அத்தன பேரு உசுரு இருக்குற சாமான். அதப் போயி பீச்சாங்கையால அமுக்குற?”

“நீ கொழுந்து எந்தக் கையில பறிக்கிற?”

“ரெண்டு கையாலயுந்தான். அது எஸ்டேட்டுக்காரன் எல. அவனுக்கு எந்தக் கையால பறிச்சா என்ன?”

“நானும் இந்தக் கையாலதான் கியர் போடுறேன்” என்று அப்பா என் துணைக்கு வந்தார்.

“அதான் உங்க வண்டி எப்பப் பாத்தாலும் ஒர்க்‌ஷாப்புல நிக்குது.”

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். எழுத்தெல்லாம் எந்தக் கையால் வேண்டுமானாலும் அமுக்கிக்கொள்ளலாம், அது வெறும் எழுத்து. அந்த எக்ஸிக்யூட் பட்டன்தானே காரியம்? அதை மட்டும் சோத்தாங்கையால் அமுக்க வேண்டும். சட்டக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவள். அவள் பார்வை படும் இடத்தில் உட்கார்ந்திருந்ததால் அப்படியே செய்தேன். வெறும் அட்டைதானே, என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன்.

டெஸ்ட் நாளில் தெரிந்தது. சிமுலேட்டரில் இறங்கப் போகும் நேரத்தில் வழியை மாற்றச் சொன்னார்கள். இடது கை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அடித்தது, வரியில் ஏற்றியது. எனக்கே பெருமையாக இருந்தது. எக்ஸிக்யூட் விளக்கு எரிந்தது. எரிந்ததுதான் தாமதம், என் வலது கை வீலை விட்டுக் கிளம்பிவிட்டது.

பாதி வழியில்தான் அதைப் பார்த்தேன். பின்னால் தேர்வாளர் உட்கார்ந்திருக்கிறார். நீட்டிய கையைச் சும்மா மடக்கவும் முடியாது. அப்படியே மேலே தூக்கி, வாய்க்கு முன்னால் இருந்த மைக்கை ஏதோ கோணிவிட்டது போல ஒரு திருகு திருகிவிட்டு, வீலுக்குத் திருப்பினேன். இடது கை எக்ஸிக்யூட்டை அமுக்கியது. விமானம் பசு மாதிரி புது வழியில் திரும்பியது.

இடது இருக்கையில் இருந்த பயிற்சி கேப்டன் முன்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், “மைக் சரியாயோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆச்சு சார்.”

தேறிவிட்டேன். தொலைபேசியில் அப்பா அழுதார். அம்மா அழவில்லை, மாரியம்மன் கோயிலில் பூஜைக்குச் சொல்லிவிட்டதாகவும் உடனே கிளம்பி வரும்படியும் உத்தரவு போட்டாள்.

எஸ்டேட் கோயிலில் லயத்துச் சனம் பாதி கூடியிருந்தது. விமானம் ஓட்டப் போகிற பிள்ளை என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். பூசாரி தீபம் காட்டி முடித்து, திருநீறு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னவென்று குனிந்து பார்த்தால், சாமிக்கு முன்னால், பழக்கிப் பழக்கி முந்திக்கொண்ட என் பீச்சாங்கை நீண்டிருக்கிறது. வலது கை ஒரு வேலையும் இல்லாமல் பக்கத்தில் தொங்குகிறது. கையை இழுக்கப் போனேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, கை இருந்த இடத்திலேயே நிறுத்தினாள்.

“போடுங்கண்ணே” என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. “பிளேனுக்கு வழி சொல்ற கை.”